மறுமையிலும் தொடருமா குடும்பம்? – தோட்டவெளியில் கேட்ட ஒரு கேள்வி

அண்மையில் மன்னாருக்குச் சென்றிருந்தபோது, தோட்டவெளியில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு பிற்பகலைக் கழித்தேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எண்பது வயதைக் கடந்தவர். நான் செய்தியாளனாக அலைந்து திரிந்த காலத்தில், மன்னார்ச் செய்தி எதுவாயினும் அவரிடம் ஒருமுறை சரிபார்த்த பின்னரே கொழும்புக்கு அனுப்புவது என் வழக்கம். ஊர் முழுவதும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைக்கும். நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன்.

தேநீரோடு ஒரு கடித உறையையும் கொண்டுவந்து என் முன் வைத்தார். கனடாவில் இருக்கும் அவருடைய பேத்தி அனுப்பியது. உள்ளே அச்சிட்ட படிவம் ஒன்றும், தட்டுத்தடுமாறிய தமிழில் எழுதிய இரண்டு பக்கக் கடிதமும் இருந்தன.

"தம்பி, நீர் நாலு புத்தகம் படித்த மனிதர். இதற்கு நான் என்ன மறுமொழி எழுதுவது?" என்றார்.

பேத்தி சில ஆண்டுகளுக்கு முன்னர் மோர்மன் சபையில் சேர்ந்துவிட்டாள். இப்போது தன் பூட்டன், பூட்டி ஆகியோரின் பெயர்கள், பிறந்த திகதிகள், மணம் முடித்த திகதி, இறந்த திகதிகள் ஆகியவற்றைக் கேட்டிருந்தாள். அவர்கள் இருவரையும் என்றென்றைக்கும் கணவன் மனைவியாகவும், அப்பப்பாவை அவர்களுடைய பிள்ளையாகவும், தங்கள் கோயிலில் 'முத்திரிக்க' விரும்புவதாகவும் அதற்கு அப்பப்பாவின் சம்மதம் வேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.

படிவத்தில் இன்னொரு பெயரும் இருந்தது. மாஸ்டரின் தம்பியினுடைய பெயர். 1990ஆம் ஆண்டில் ஒருநாட் காலை வேலைக்கென்று சைக்கிளில் புறப்பட்டவர் அவர். இன்றுவரை வீடு திரும்பவில்லை. அந்தப் பெயருக்கு நேரே, 'இறந்த திகதி' என்ற நிரல் வெறுமையாக இருந்தது.

மாஸ்டருக்கு அன்று நான் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே இங்கு எழுதுகின்றேன்.

*

மோர்மன்கள் என்று உலகம் அழைக்கும் இவர்களுடைய சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும். 1830ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் யோசப் ஸ்மித் என்பவர் இதனைத் தொடங்கினார். 2018 முதல் முழுப்பெயராலேயே தங்களை அழைக்குமாறு சபையின் தலைமை வலியுறுத்தி வருகின்றது. வாசகருக்குப் பழகிய சொல் என்பதால் மோர்மன் என்ற பெயரை இங்கு பயன்படுத்துகின்றேன், இழிவு கருதியன்று.

ஞாயிறு தோறும் இவர்கள் கூடும் வழிபாட்டு மண்டபங்கள் எவருக்கும் திறந்தவை. ஆனால் 'கோயில்' என்பது வேறு. சபையின் ஒழுக்க நெறிகளைக் கைக்கொள்பவர் என்று பொறுப்பாளர்கள் அத்தாட்சிப்படுத்திய உறுப்பினர் மட்டுமே அதனுள் நுழையலாம். மணமகனும் மணமகளும் அங்கே பலிபீடம் ஒன்றின் இருபுறமும் எதிரெதிராக முழந்தாளிட்டுக் கைகோக்கின்றனர். அதிகாரம் பெற்ற ஒருவர் அவர்களை இம்மைக்கு மட்டுமன்றி நித்தியத்துக்கும் இணைத்து வைக்கின்றார். இதுவே முத்திரித்தல். அந்த அறையின் எதிரெதிர்ச் சுவர்களிற் பெரிய கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருப்பது வழக்கம். மணமக்கள் நிமிர்ந்து பார்த்தால், தங்கள் உருவம் முடிவின்றித் தொடர்ந்து செல்வதைக் காண்பர்.

இவ்வாறு இணைந்த பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகள் பிறப்பாலேயே அந்த உறவினுள் வந்துவிடுகின்றனர். முன்னரே பிறந்த பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று பெற்றோருடன் முத்திரிப்பர். இறந்துபோன முன்னோர்களுக்காக, உயிரோடிருக்கும் ஒருவர் பதிலாளாக நின்று ஞானஸ்நானம் பெறுவார். பின்னர் பதிலாட்கள் மூலமே அவர்களும் முத்திரிக்கப்படுவர். இந்தியாவின் முதலாவது மோர்மன் கோயில் பெங்களூரில் அமையும் என்று 2018 ஏப்ரலில் அறிவித்தனர். 2020 டிசெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையில் அவர்களுக்குக் கோயில் இல்லை.

இந்த நம்பிக்கையின் பின்னால் ஒரு குடும்பத் துயரம் உண்டு. யோசப் ஸ்மித்தின் மூத்த சகோதரர் அல்வின் 1823ஆம் ஆண்டில் இளவயதிலேயே இறந்துபோனார். அவர் எந்தச் சபையிலும் ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. அடக்கத்தின்போது பிரசங்கித்த போதகர், அவர் நரகத்துக்கே சென்றிருப்பார் என்ற பொருள்படப் பேசியதாகக் குடும்பத்தினர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளனர். நல்லவனாக வாழ்ந்து மடிந்த அண்ணனைக் கடவுள் தள்ளிவிடுவாரா என்ற கேள்வி அந்தக் குடும்பத்தை விட்டு அகலவில்லை. 1840ஆம் ஆண்டு ஓகஸ்டில், இலினோய் மாநிலத்து நோவூ நகரில் நடந்த ஓர் இறுதிச் சடங்கின்போதுதான் இறந்தோருக்கான ஞானஸ்நானத்தை ஸ்மித் முதன்முதலாகப் பகிரங்கமாக அறிவித்தார். ஆரம்பத்தில் மிசிசிப்பி ஆற்றிலேயே அதனை நிறைவேற்றினர். நித்திய திருமணம் பற்றிய வெளிப்பாடு 1843ஆம் ஆண்டு யூலையில் எழுத்தில் பதிவானது. பலதார மணத்துக்கு இடமளித்ததும் அதே வெளிப்பாடுதான். 1890ஆம் ஆண்டில் சபை அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

இதைக் கேட்ட மாஸ்டர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அண்ணன்காரனுக்காகத் தொடங்கியதா?" என்று மட்டும் கேட்டார்.

*

இறந்தவரோடு உறவு அறுவதில்லை என்பது நமக்குப் புதிய செய்தியன்று. நம்மவருள் சைவர்கள் தந்தையை நினைத்து ஆடி அமாவாசையிலும், தாயை நினைத்துச் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருக்கின்றனர். மன்னார் இஸ்லாமியர் தம் மரித்தோருக்காகத் துஆச் செய்கின்றனர். கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குச் சென்று, கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுகின்றனர். வாழ்வோர், உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்போர், மோட்சத்தில் இருப்போர் ஆகிய மூவகையினரும் ஒரே குடும்பம் என்பதே கத்தோலிக்க விசுவாசம். இதனைப் பழைய ஞானோபதேசம் சமுதீதப் பிரயோசனம் என்ற நீண்ட சொல்லாற் குறித்தது. பொருள் விளங்காமலே சிறுவயதில் அதனை ஒப்புவித்த தலைமுறை எங்களுடையது.

வேறுபாடு திருமணத்தில்தான் வருகின்றது. கத்தோலிக்கத் திருமணம் மரணம்வரைக்குமே கட்டுகின்றது. ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண் மறுமையில் யாருக்கு மனைவி என்று சதுசேயர் கேட்டபோது, உயிர்த்தெழுந்தோர் பெண்கொள்வதுமில்லை, கொடுப்பதுமில்லை என்ற பொருளில் இயேசு விடையளித்ததாக நற்செய்தி கூறுகின்றது. மறுமையில் அன்பு அழியாது, ஆனால் கணவன் மனைவி என்ற நிலை அங்கு இல்லை என்பது பெரும்பாலான கிறிஸ்தவ சபைகளின் விளக்கம். மோர்மன்களோ, மறுமையிற் புதிதாக மணம் முடிக்கத்தான் இயலாது, ஆகவே இம்மையிலேயே அதனை முத்திரித்துக்கொள்ள வேண்டும் என்று அதே பகுதிக்குப் பொருள் கொள்கின்றனர். மண்ணுலகிற் கட்டுவது விண்ணுலகிலும் கட்டப்பட்டிருக்கும் என்று பேதுருவுக்கு வழங்கிய அதிகாரம் பாப்பரசரிடம் தொடர்வதாக உரோமை நம்புகின்றது. அந்த அதிகாரம் மண்ணுலகில் அற்றுப்போய், 1836ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்துக் கேர்ட்லன்ட் கோயிலில் எலியா தீர்க்கதரிசியின் மூலம் மீண்டும் வந்ததாக மோர்மன்கள் நம்புகின்றனர்.

எது சரி என்று தீர்ப்புக் கூற நான் வேதசாஸ்திரியல்லன். ஏழு பிறவிக்கும் இவரே துணை என்று வேண்டிக்கொள்ளும் மரபில் வந்த நமக்கு, மரணத்தோடு தாலியின் கதை முடிந்துவிடவேண்டுமா என்று கேட்பவர்களைப் பார்த்து நகைக்க உரிமையில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

*

ஆனால் என்றென்றைக்கும் கட்டும் இந்தக் கட்டுக்குள் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று உயிரோடிருப்பவர்களைப் பற்றியது. சபையில் இல்லாத தாய் தந்தையர் தங்கள் பிள்ளையின் முத்திரிப்பைக் காண இயலாது. அமெரிக்காவிலும் கனடாவிலும், முதலில் வெளியே பதிவுத் திருமணம் செய்தவர்கள் முத்திரிப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி நீண்டகாலம் இருந்தது. இதனால் பெற்றோர் பலர் பிள்ளையின் திருமணத்தன்று கோயிலின் வெளியே காத்திருந்தனர். 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த விதியைச் சபை நீக்கியது. எல்லோரும் காண ஒரு திருமணம், பின்னர் கோயிலில் முத்திரிப்பு என்று செய்ய இப்போது வழி உண்டு. தவறு என்று பட்டதைத் திருத்தியமைக்காகச் சபையைப் பாராட்ட வேண்டும்.

மற்றது இறந்தவர்களைப் பற்றியது. முன்னோருக்குச் சடங்கு செய்ய வேண்டுமாயின் அவர்களுடைய பெயர் வேண்டும். ஆகவே 1894ஆம் ஆண்டில் யூட்டாவில் வம்சாவளிச் சங்கம் ஒன்றை இவர்கள் அமைத்தனர். பிற்காலத்தில் உலகெங்கும் சென்று ஞானஸ்நானப் பதிவேடுகள், திருமணப் பதிவேடுகள், மரணப் பதிவேடுகள் ஆகியவற்றைப் படம் பிடித்தனர். இருபத்துநான்கு இலட்சம் நுண்படச் சுருள்கள் சேர்ந்தன. மலையைக் குடைந்து கட்டிய காப்பகத்தில் அவற்றைப் பேணினர். 2021ஆம் ஆண்டில் அவை முழுவதையும் கணினிமயமாக்கி முடித்தனர். கொழும்பு மாவட்டத்து ஒல்லாந்த சீர்திருத்தச் சபையின் பழைய பதிவேடுகளும் அவர்களுடைய இணையத் தொகுப்பில் இருக்கின்றன.

இந்த உழைப்பே பிணக்குக்கும் காரணமாயிற்று. நாஜிகளின் வதைமுகாம்களில் மாண்ட யூதர்களின் பெயர்களுக்குப் பதிலாள் ஞானஸ்நானம் நடந்தது தெரியவந்தபோது யூத அமைப்புகள் கொதித்தெழுந்தன. 1995ஆம் ஆண்டில் உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. அதன் பின்னரும் 2012ஆம் ஆண்டில் ஆன் பிராங்கின் பெயர் ஒரு கோயிலிற் பயன்படுத்தப்பட்ட செய்தி வெளிவந்தது. சபை வருத்தம் தெரிவித்தது. பங்குகளின் பதிவேடுகளை இந்த வம்சாவளிச் சங்கத்துக்கு வழங்க வேண்டாம் என்று 2008ஆம் ஆண்டில் வத்திக்கான் உலகெங்கும் உள்ள மறைமாவட்டங்களுக்கு அறிவுறுத்தியது.

மோர்மன்களின் பக்கத்தையும் கூறவேண்டும். சடங்கு நடந்துவிட்டதால் இறந்தவர் மோர்மன் ஆகிவிடுவார் என்று அவர்கள் சொல்வதில்லை. அது ஓர் அழைப்பு மட்டுமே, ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்பது அவர்களுடைய போதனை. தத்தம் முன்னோரின் பெயர்களையே கொடுக்க வேண்டும் என்றும், கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவராயின் நெருங்கிய உறவினரின் சம்மதம் பெறவேண்டும் என்றும் விதி வைத்திருக்கின்றனர். மாஸ்டரின் தந்தையார் பிறந்தது 1919இல், தாயார் 1923இல். பேத்தி சம்மதம் கேட்டு எழுதியது அதனால்தான். கேட்காமலே செய்துவிடாத அந்தப் பிள்ளையின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

*

சம்மதம் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. வேறு ஊரில் இருந்திருந்தால் இது எளிய கேள்வியாக இருந்திருக்கும். தோட்டவெளியில் அப்படியன்று.

மன்னார்த் தீவின் வரலாறு அறிந்தோருக்கு இந்த ஊரின் பெயர் 1544ஆம் ஆண்டை நினைவூட்டும். முத்துக்குளித்துறையில் மறைபரப்பிய பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்கள் அழைத்தனர். தாம் வர இயலாத நிலையில் அவர் வேறொரு குருவை அனுப்பினார். திருமுழுக்குப் பெற்ற மக்களை, யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலி படையோடு வந்து கொன்றான். அறுநூறு பேர் மாண்டனர் என்பது மரபு. தம்மை ஒதுக்கிவிட்டுத் தம் குடிகள் போர்த்துக்கேயரின் பக்கம் சாய்கின்றனர் என்ற அரச அச்சமும் அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுவர். எவ்வாறாயினும், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் குடும்பம் குடும்பமாக மடிந்தவர்களின் நினைவாகத்தான் தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் நிற்கின்றது.

ஒரு சிலரைப் பற்றிய மரபுச் செய்திகளைத் தவிர, அந்த அறுநூறு பேரின் பெயர்கள் நம்மிடம் இல்லை. யார் யாருக்குக் கணவன், யார் யாருடைய பிள்ளை என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஆயினும் அவர்கள் கடவுளால் மறக்கப்பட்டவர்கள் என்று இந்த ஊரில் ஒருவரும் எண்ணுவதில்லை. மோர்மன்களுங்கூட, பெயர் கிடைக்காதவர்களின் காரியம் இறுதியில் ஆண்டவரால் நிறைவேறும் என்றே கூறுகின்றனர். அப்படியாயின், பெயர் தெரிந்தவர்களையும் அவரிடமே விட்டுவிடலாமே என்று ஒரு கத்தோலிக்கர் கேட்பது நியாயந்தான்.

ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வரும்வரை குருக்கள் இன்றியே மக்கள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தனர். மாஸ்டரின் தாய் தந்தையர் அந்த வழியில் வந்தவர்கள். தாங்கள் எந்தத் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றோம் என்பதை அவர்கள் தெரிந்தே வாழ்ந்தனர், தெரிந்தே இறந்தனர். அவர்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்ய முடியாத ஒன்றை, அவர்கள் பெயரிற் செய்யாதிருப்பதே மரியாதை. அன்பு பெரிதாக இருந்தாலும், மற்றவரின் விசுவாசத்தை அவர் இல்லாத இடத்தில் வைத்துத் திருத்தும் உரிமையை அது கொடுப்பதில்லை. இதுவே மாஸ்டருக்கு நான் கூறிய முதற் கருத்து.

இரண்டாவது: பெயர்களை மறைக்க வேண்டாம். சடங்குக்குச் சம்மதம் இல்லை என்பது வேறு. பேத்திக்குத் தன் பூட்டனின் பெயரைச் சொல்ல மறுப்பது வேறு. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பூட்டனின் பெயர் தெரியும்? பங்குப் பதிவேடுகளையும், கச்சேரிக் கோப்புகளையும், வீட்டு அலுமாரிகளில் இருந்த உறுதிகளையும் யுத்தத்தில் இழந்த சமூகம் நாம். யாரோ ஒரு போதகர் சொல்லியாவது ஒரு பிள்ளை ஊர்ப்பெயரைத் தேடி எழுதுகின்றாள் என்றால், அந்தத் தேடலை அணைத்துக்கொள்ள வேண்டும். பெயரோடு கதையையும் எழுதியனுப்புங்கள் என்றேன். நாம் நம் பிள்ளைகளுக்குச் செய்யத் தவறியதை ஓர் அமெரிக்கச் சபை செய்ய முனைந்ததில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

*

மூன்றாவது, அந்த வெறுமையான நிரல்.

அதைப்பற்றி மாஸ்டரே பேசினார். அவருடைய தாயார் ஆண்டுதோறும் மரித்தோர் தினத்தன்று சேமக்காலையில் கணவருடைய கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவாராம். இளைய மகனுக்காக அங்கே ஏற்றமாட்டார். அந்தத் திரியை வேதசாட்சிகளின் ஆலயத்துக்குக் கொண்டுபோய் மாதாவின் முன்னால் ஏற்றிவிட்டு வருவார். சேமக்காலையில் ஏற்றினால் மகன் இறந்துவிட்டான் என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவருடைய எண்ணம். முப்பத்தோராம் நாள் பூசையும் அவர் ஒப்புக்கொடுக்கவில்லை. அப்படியே கண்ணை மூடினார்.

"அம்மா எழுதாத திகதியை நான் எப்படியப்பா எழுதுவேன்?" என்று மாஸ்டர் கேட்டார்.

இத்தகைய நிரல்கள் இந்த மண்ணில் எத்தனை ஆயிரம்! மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011ஆம் ஆண்டு ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவுகள் கூறிய மக்கள் 429,059 பேர். யுத்தத்தின் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி அவர் காலமானார். கேள்வி அப்படியே நிற்கின்றது. காணாமற்போனோருக்கான அலுவலகம் ஒன்றுக்கு 2016இல் சட்டம் இயற்றப்பட்டது. 2018இல் அது இயங்கத் தொடங்கியது. அதே 2018இல் மன்னார் நகரின் சதொச கட்டட வளாகத்தில் தொடங்கிய அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுட் சில மாதிரிகள் பல நூற்றாண்டு பழமையானவை என்று 2019இல் ஆய்வுகூட அறிக்கை வந்தது. தங்கள் பிள்ளையாக இருக்குமோ என்று அஞ்சியும், இருந்துவிட்டாலாவது ஒரு முடிவு தெரியுமே என்று ஏங்கியும் அந்தக் குழியருகே நின்ற தாய்மாரின் மனநிலையை எந்த அறிக்கையும் அளக்கவில்லை.

ஆகவே அந்த நிரலை வெறுமையாகவே விடுங்கள் என்றேன். இறந்தார் என்று எழுதும் கடமை முதலில் அரசுக்கு உரியது. எங்கே, எப்போது, யாரால் என்ற விவரங்களோடு அது எழுதப்பட வேண்டும். அதற்கு முன்னர் எந்தச் சபையின் படிவமும், எத்துணை அன்போடு வந்தாலும், அந்தக் கணக்கை முடித்துவைக்கக் கூடாது. மறுமையில் அண்ணனையும் தம்பியையும் சேர்த்துவைப்பது கடவுளின் காரியம். இம்மையில் தம்பிக்கு என்ன நடந்தது என்று சொல்வது மனிதரின் காரியம். உலகெங்கும் அந்நியரின் பெயர்களைக்கூடத் தேடித் தொகுக்க ஒரு சபையால் முடிகின்றது. சொந்தக் குடிமக்களின் பெயர்களுக்கு நேரே ஒரு விடையை எழுத ஓர் அரசால் முடியவில்லை என்றால் எவர் நம்புவார்?

நான் விடைபெற்றபோது மாஸ்டர் படிவத்தை மடித்து உறையில் வைத்தார். தாய் தந்தையரின் பெயர்களையும் திகதிகளையும் எழுதிவிட்டதாகவும், சம்மதம் இல்லை என்பதைப் பேத்தி மனம் நோகாமல் எப்படி எழுதுவது என்றுதான் யோசிப்பதாகவும் கூறினார். தம்பியின் பெயருக்கு நேரே பிறந்த திகதியை மட்டும் எழுதியிருந்தார். பக்கத்து நிரலில் அவர் கை வைக்கவில்லை.